அம்மாவின் நிறம்

வணக்கம். எனக்குப் பின்னால் கேன்வாஸில் பாதி முடிந்த நிலையில் இருப்பவர், தலையில் கூடை சுமந்து தெருத்தெருவாக மீன் விற்றே மூன்று பிள்ளைகளைப் படிக்கவைத்த ஒரு தாய். இந்த ஓவியத்தைக் கேட்ட அவருடைய மகள், புகைப்படத்தை அனுப்பும்போது "அம்மாவைக் கொஞ்சம் கலராகப் போடுங்கள்" என்று எழுதியிருந்தார். அன்பினால் கேட்டதுதான் என்பதை நான் அறிவேன். ஆனாலும் அந்த வரி என்னைத் தூங்கவிடவில்லை. இந்த வாரம் முழுவதும் அமிர்தா ஷேர்கிலின் ஓவியங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஹங்கேரியத் தாய்க்கும் பஞ்சாபைச் சேர்ந்த சீக்கியத் தந்தைக்கும் 1913இல் புடாபெஸ்டில் பிறந்து, பாரிஸில் ஓவியம் பயின்று, அங்கேயே பாராட்டும் பெற்றிருந்த அவர், 1934இல் இந்தியா திரும்பினார். மறு ஆண்டு அவர் வரைந்த 'மூன்று பெண்கள்' ஓவியத்தை முதன்முதலில் பார்த்தபோது, அதில் ஏதோ குறைவதாகவே எனக்குத் தோன்றியது. மூவரில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை, நம்மை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வலிமையான பெண் என்றால் நிமிர்ந்த தலையும் நேர்கொண்ட பார்வையும் வேண்டும் என்று அன்று நினைத்திருந்தேன். இன்று அந்த மௌனத்தில்தான் வலிமையைக் காண்கிறேன். பார்ப்பவரை மகிழ்விக்க வேண்டிய கடமை எதுவும் இல்லாமல், தம் கவலையோடும் தம் எண்ணத்தோடும் அவர்கள் அமர்ந்திருக்கிறார்கள். அந்த ஓவியத்துக்கு 1937இல் பம்பாய்க் கலைச் சங்கத்தின் தங்கப் பதக்கம் கிடைத்தது.

அஜந்தாவையும் எல்லோராவையும் பார்த்துவிட்டுக் கன்னியாகுமரி வரை வந்து திரும்பிய பயணத்துக்குப் பிறகு, அதே 1937இல், தென்னிந்திய மக்களை வைத்து அவர் வரைந்த மூன்று பெரிய ஓவியங்கள்தாம் நான் சொல்ல வந்த விஷயத்துக்கு நெருக்கமானவை. அவற்றுள் 'சந்தைக்குச் செல்லும் தென்னிந்தியக் கிராமத்தார்' என்பதில் நம் மக்களின் கருமை கருமையாகவே இருக்கிறது. அதை மறைக்கவோ மன்னிப்புக் கேட்கவோ அவர் முயலவில்லை. 28 வயதில், 1941இல், லாகூரில் அவர் மறைந்துவிட்டார்.

இப்படிச் சொல்வதால் ஓவியர் ராஜா ரவி வர்மாவை நான் குறைத்துப் பேசவில்லை. மைசூரு ஜகன்மோகன் அரண்மனையில் இருக்கும், 1889 வாக்கில் அவர் வரைந்த ஓவியத்தில், பல நிலத்துப் பெண்கள் 11 பேர் தத்தம் உடையிலும் அணியிலும் ஒன்றாகக் கூடியிருக்கும் காட்சி பேரழகு. ஆனால் சேலைக் கட்டையும் நகையையும் நீக்கிவிட்டால், முகங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவைபோல இருப்பதாகவே எனக்குப் படுகிறது. பண்பாட்டின் பன்மை உடையில் மட்டும் நின்றுவிடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

சரி, கருந்தோலை எப்படி வரைவது? கறுப்புச் சாயத்தை நேரடியாகக் கலந்தால் தோல் செத்துப்போகும். வெளிச்சம் விழும் இடத்தில் வெறும் வெள்ளையைக் கூட்டினால் சாம்பல் பூத்துவிடும். பர்ன்ட் அம்பர் என்னும் அடர்பழுப்பையும் அல்ட்ராமெரின் என்னும் ஆழ்ந்த நீலத்தையும் சேர்த்து அடித்தளம் இடுகிறேன். மூக்கோரத்திலும் காதுமடலிலும் சிறிது சிவப்பு, கன்னத்தில் மஞ்சள் காவி. வானத்தைப் பார்த்திருக்கும் நெற்றியின் மேடு மட்டும் மெல்லிய நீலத்தில் மின்னும். வெயிலில் அலைந்த முகத்தை உற்றுப் பாருங்கள், அதில் எத்தனை நிறங்கள் என்று புரியும்.

நேற்று அந்த மகளை அழைத்து, அம்மாவை அவர் நிறத்திலேயே வரைய விரும்புகிறேன் என்று சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், இரவில் வேறொரு புகைப்படத்தை அனுப்பினார். விடியற்காலைக் கடற்கரையில், காலிக் கூடையை இடுப்பில் இடுக்கியபடி, படம் எடுப்பவரைக் கவனிக்காமல் படகுகளையே பார்த்து நிற்கிறார் அந்த அம்மா. முதல் புகைப்படத்தை ஒதுக்கிவிட்டேன். இன்று அந்தக் காலை வெளிச்சத்திலிருந்து, நெற்றியைத் தொட்டுத் தொடங்குகிறேன்.