குதிருக்கு வெளியே நிற்கும் அப்பன்

வணக்கம் நேயர்களே. போய்வந்த பயணம் ஒன்றைப் பற்றிப் பேசுங்கள் ஆச்சி என்று வானொலி நிலையத்தில் கேட்டபோது காசி, பத்ரிநாத் என்று எதிர்பார்த்திருப்பார்கள். நான் பேச வந்தது குதிரைப் பற்றி. ஐயனார் கோயில் குதிரை இல்லை, அதற்கும் வருகிறேன், இது தானியம் கொட்டி வைக்கிற குதிர்.

மகள் மெல்போர்னில் இருக்கிறாள். போன செப்டம்பரில் நாங்கள் போயிருந்தபோது மாப்பிள்ளை ஐந்து நாளுக்கு ஒரு மோட்டார்ஹோம் வாடகைக்கு எடுத்தார். ஷூட்டிங்கில் நடிகர்கள் ஏறி உட்கார்வார்களே கேரவன், அந்த மாதிரி. அடுப்பு, கட்டில், கக்கூஸ் எல்லாம் உள்ளேயே. 4.5 டன்னுக்குள் இருந்தால் அங்கே சாதாரண கார் லைசென்ஸே போதும், நம்மைப் போலவே இடது பக்கம் ஓட்டுகிற நாடு வேறு. எங்கள் வீட்டுக்காரர் செட்டிநாட்டுப் பெரிய வீட்டில் இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று ஓடித் திரிந்து வளர்ந்தவர், முதல் ராத்திரி புரண்டு படுத்ததில் தலை அலமாரியில் இடித்துக்கொண்டது. அந்த அலமாரிக் கதவை நான் சரியாக அடைக்காமல் விட்டதில் மறுநாள் முதல் வளைவிலேயே இட்லிப்பொடி டப்பா விழுந்து வண்டி முழுக்கப் பொடி, ஐந்தாம் நாள் வரைக்கும் பெருக்கப் பெருக்க வந்துகொண்டே இருந்தது. கக்கூஸ் தொட்டியை சூட்கேஸ் மாதிரி உருவி எடுத்து, அதற்கென்று உள்ள இடத்தில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். மாப்பிள்ளை அதைத் தூக்கிக்கொண்டு போனபோது, மாமியார் நான், கடுகு மாதிரி மஞ்சளாகப் பூத்துக் கிடந்த கனோலா வயலை ரொம்ப அக்கறையாகப் பார்ப்பது போலத் திரும்பிக்கொண்டேன்.

சரி, குதிருக்கு வருவோம். விக்டோரியா மாநிலத்தின் வடமேற்கில் விம்மெரா, மாலீ என்று இரண்டு வட்டாரங்கள். ஒரே சமவெளி, கோதுமை, பார்லி, பருப்பு. ரயில் பாதையை ஒட்டி ஊருக்கு ஊர் சிமெண்டுக் குதிர்கள், சைலோ என்கிறார்கள். அந்தக் காலத்தில் சுற்றுப்பட்டு விளைச்சலெல்லாம் அங்கே கொட்டி ரயிலில் ஏற்றித் துறைமுகத்துக்குப் போகும். பிறகு பெரிய கிடங்குகள் வந்தன, சின்ன ஊர்க் குதிர்கள் பல காலியாகிவிட்டன. பிரிம் என்ற ஊரில் அப்படிச் சும்மா நின்ற, 1939-இல் கட்டிய குதிர்களில்தான் கீடோ வான் ஹெல்டன் என்ற ஓவியர் 2016 தொடக்கத்தில் நாலு விவசாயிகளை வரைந்து முடித்தார். ஆணும் பெண்ணுமாக, வெவ்வேறு தலைமுறை. யார் என்று பெயர் போடவில்லை. வறட்சியில் வட்டாரமே நொந்து கிடந்த நேரம் அது. 'எங்கப்பன் குதிருக்குள் இல்லை' என்று அப்பனைக் காட்டிக்கொடுத்த பிள்ளையின் கதை நமக்குத் தெரியும். இங்கே அந்தக் கஷ்ட காலத்தில் அப்பனும் ஆத்தாளும் குதிருக்கு வெளியே, 30 மீட்டர் உயரத்தில், எல்லோரும் பார்க்க நிற்கிறார்கள். நான் வண்டியை விட்டு இறங்கி அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தேன், கழுத்து வலித்தது.

பிரிமைப் பார்க்க ஆட்கள் வர ஆரம்பித்ததும் பக்கத்து ஊர்களும் சேர்ந்துகொண்டன. ரூபான்யுப்பிலிருந்து பேட்சிவோலக் வரை சுமார் 200 கிலோமீட்டர், வழியில் ஆறு ஊரில் இப்படிக் குதிர் ஓவியம். ஷீப் ஹில்ஸில் அட்னேட் வரைந்த பழங்குடிப் பெரியவர்கள் இருவர், குழந்தைகள் இருவர், பின்னால் நட்சத்திர வானம். லாசெல்ஸில் ரோன் என்பவர், அந்த மண்ணிலேயே தலைமுறைகளாக இருக்கிற ஒரு கணவன் மனைவியை, சிமெண்டு நிறத்திலேயே கரைந்து போகிற மாதிரி வரைந்திருக்கிறார், எனக்கு அதுதான் பிடித்தது. பேட்சிவோலக்கில் குதிர் ஒல்லி என்பதால் ஊரில் ஒல்லியான, உயரமான விவசாயி ஒருவரைப் பிடித்திருக்கிறார் ஃபின்டன் மகீ. அது நல்ல யோசனை!

ரூபான்யுப் பக்கம் விளைகிற பருப்பைச் சொல்லாமல் விட்டால் அடுப்பங்கரைக்குத் துரோகம். நாம் மைசூர் பருப்பு என்கிறோமே, அதை ஏக்கர் ஏக்கராகப் போடுகிறார்கள், அந்தத் தேசத்துப் பருப்பு நம் நாட்டுக்கும் கப்பலேறி வருகிறது. யார் வீட்டுச் சாம்பாரில் யார் வயல் கொதிக்கிறதோ.

சாயங்காலம் ஆனால் கங்காரு குறுக்கே பாயும் என்று இருட்டுமுன் வண்டியை நிறுத்திவிடுவோம். அப்போது உட்கார்ந்து யோசித்தேன், நம்ம ஊர்ச் சுவரில் யார் இருக்கிறார்கள்? எங்கள் வீட்டு முகப்பில் நடுவில் கஜலட்சுமி, இரண்டு பக்கமும் துப்பாக்கி பிடித்த சிப்பாய். வியாபாரத்துக்குக் கடல் கடந்து போனவர்களின் வீடு, சிப்பாய் வந்ததில் ஆச்சரியமில்லை. வயலில் நின்ற ஆள் மட்டும் அந்தச் சுதைவேலையில் எங்கேயும் இல்லை. ரோட்டோரச் சுவரில் கட்சிக்காரர்கள் இருக்கிறார்கள், அதைப் பேச வேண்டாம்.

ஆனால் ஐயனார் கோயில் இருக்கிறதே. ஐயனாருக்கு மண்குதிரை செய்து வைக்கிற புரவி எடுப்பு என்றால் முதலில் ஊர் கூடி மண்வேலை செய்கிற வேளாரிடம் பிடிமண் கொடுக்கும், அதற்கப்புறம்தான் அவர் குதிரை வனைவார். புதுக்கோட்டைப் பக்கம் நமணசமுத்திரத்தில் வரிசை வரிசையாக நிற்கிற மண்குதிரைகளைப் பாருங்கள், காது உடைந்து, சாயம் போய், மழையில் கரைந்து, யாரும் ஒட்டவைப்பதில்லை, அடுத்த நேர்த்திக்குப் புதுசு வரும். பிரிம் குதிரிலும் வெயிலுக்குச் சாயம் வெளுக்கத்தானே செய்யும்? ஊர் சொல்லிச் செய்த வேலை என்ற வகையில் இரண்டும் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பிதான் என்று நினைக்கிறேன். குதிரையில் ஏறுகிறவர் சாமி, குதிரில் நிற்கிறவர் வயல்காட்டுச் சம்சாரி என்பதுதான் வித்தியாசம்.

ஊருக்கு வந்தபிறகு காரைக்குடிப் பக்கம் புதுவயலில் தெரிந்த அரிசி ஆலைக்காரர் ஒருவரிடம் போனில் இருந்த படங்களைக் காட்டினேன். அவர் ஆலையிலும் தகரக் குதிர் இரண்டு பளபளவென்று நிற்கிறது. "நீங்க வரைஞ்சா யாரை வரைவீங்க?" என்றேன். யோசிக்கவே இல்லை, "எங்க அப்பச்சியைத்தான் ஆச்சி" என்றார். களத்தில் நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடமும் போனை நீட்டி, உன்னை வரைந்தால் என்ன என்று கேட்டேன். பிரிம் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"நாள் பூரா இந்த வெயில்லதான் நிக்கிறேன். படத்துலயும் வெயில்லயே நிக்கச் சொல்றீகளா?" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசையைக் கிளறப் போய்விட்டாள்.