கோலம் போடாத வாசல்

நேயர்களுக்கு வணக்கம். மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு மாடியறையில் இருபது வருஷத்துக்கு மேலாக லேப்டாப் பழுது பார்த்துவருகிறேன். கண்ணால் பார்க்க வேண்டிய கோளாறைக் காதுக்குச் சொல்லுங்கள் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்கு அது பழகின வேலைதான். பாதிப் பேருக்கு நான் போனிலேயே வைத்தியம் பார்க்கிறவன்.

போன தை மாதம், முகூர்த்த நாள். விடிகாலை நாலரைக்கு போன். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கிற ஒரு அண்ணன்.

“தம்பி, லேப்டாப் செத்துப்போச்சுப்பா. உசிலம்பட்டி மல்லி வந்து இறங்கிருச்சு. கணக்கு அம்புட்டும் அதுக்குள்ள கெடக்கு.”

“பாஸ்வேர்டு கேட்டுச்சாண்ணே?”

“கேட்டுச்சு, போட்டேன். அதுக்கப்புறம் கருகருன்னு ஆயிருச்சு. அம்புக்குறி மட்டும் ஓடுது.”

“அம்புக்குறி ஓடுதுல்ல? அப்பச் சாகலண்ணே.”

நானாகச் சொன்ன ஆறுதல் இல்லை இது. பாஸ்வேர்டு கேட்டு, அம்புக்குறியும் நகர்ந்தால் விண்டோஸ் உள்ளே எழுந்துவிட்டது என்று பொருள். வீட்டில் எல்லோரும் எழுந்தாச்சு. வாசல் தெளித்துக் கோலம் போட வேண்டிய ஆள் மட்டும் வரவில்லை. அந்த ஆளின் பெயர் எக்ஸ்ப்ளோரர். டெஸ்க்டாப்பில் இருக்கிற ஐகான்கள், கீழே இருக்கிற டாஸ்க்பார், ஃபோல்டர் திறந்தால் வருகிற ஜன்னல், எல்லாம் அந்த ஒரு புரோகிராம் போடுகிற கோலம். 1995-ல் விண்டோஸ் 95 வந்ததிலிருந்து இதுதான் ஏற்பாடு. நடுவில் விண்டோஸ் 8-ல் ஸ்டார்ட் பட்டனைத் தூக்கிப் பார்த்தார்கள். ஜனங்கள் போட்ட சத்தத்தில் அடுத்த வருஷமே திரும்ப வைத்தார்கள்.

அண்ணனிடம் சொன்னேன்: கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப், மூன்று பட்டனையும் சேர்த்து அமுக்குங்கள். கோலம் போடுகிற ஆள் வராவிட்டாலும் இந்தக் கூப்பாட்டுக்கு டாஸ்க் மேனேஜர் வந்து நிற்கும்; உள்ளே ஓடுகிற புரோகிராம்களின் பட்டியல் அது. சின்னதாக வந்தால் ‘மோர் டீடெய்ல்ஸ்’ என்பதைத் தட்டி விரித்துக்கொள்ள வேண்டும். அந்தப் பட்டியலில் ‘விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர்’ இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். இருந்தால், அதன்மேல் வலது கிளிக் செய்து ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால் போதும். ஆள் வந்திருக்கிறார், அசையாமல் நிற்கிறார் என்று அர்த்தம். அண்ணனுடையதில் இல்லை.

இல்லாவிட்டால் நாம்தான் கூப்பிட வேண்டும். விண்டோஸ் 10-ல் மேலே ‘ஃபைல்’ என்பதைத் தட்டினால் ‘ரன் நியூ டாஸ்க்’ என்று வரும். விண்டோஸ் 11-ல் இப்போது அதை நேராக மேலேயே பட்டனாக வைத்திருக்கிறார்கள். தட்டினால் சின்னப் பெட்டி ஒன்று திறக்கும். அதில் அடிக்க வேண்டியதை எழுத்தெழுத்தாகச் சொல்கிறேன், பேனா வைத்திருப்பவர்கள் எழுதிக்கொள்ளுங்கள்: இ, எக்ஸ், பி, எல், ஓ, ஆர், இ, ஆர். ஒரு புள்ளி. பிறகு இ, எக்ஸ், இ. அப்புறம் எண்டர்.

“எக்ஸ்ப்ளோரர்னா அந்த நீலக் கலர் ‘இ’ தானேப்பா?” என்றார் அண்ணன். அது இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர், வேறு ஆள். 2022-லேயே அதற்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். இரண்டு தரம் தப்பாக அடித்து, மூன்றாவது தரம் அமுக்கினார். போனிலேயே கேட்டது: “ஏ வந்துருச்சுடா!”

ஒரு தடவை வந்தது சரி, நாளைக்கும் வருமா? ஏன் வரவில்லை என்று பார்க்காமல் விட்டால் வராது. மத்தியானம் கடைக்குப் போய்ப் பார்த்தேன். சி டிரைவில் சிவப்புக் கோடு; இடமே இல்லை. வாட்ஸ்அப்பில் வந்த பூ வீடியோ, கோயில் வீடியோ, காலை வணக்கம் எல்லாம் அதிலேயே இறங்கிக் கிடந்தன. விண்டோஸுக்கு எழுந்து நடமாடவே சி டிரைவில் கொஞ்சம் காலியிடம் வேண்டும். வீடியோக்களை வேறு டிரைவுக்குத் தள்ளினேன். அன்றிலிருந்து மக்கர் இல்லை.

எல்லாருக்கும் காரணம் இதுவாக இருக்காது. அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய், பேட்டரியும் இறங்கி, பாதியில் நின்றிருக்கலாம். புதிதாகப் போட்ட ஏதோ ஒரு புரோகிராம் எக்ஸ்ப்ளோரரோடு ஒட்டிக்கொண்டு அதைக் கீழே தள்ளலாம். பழைய ஹார்ட் டிஸ்க் போட்ட லேப்டாப் என்றால் கோளாறே இல்லாமலும் டெஸ்க்டாப் வர நேரமாகும். டாஸ்க் மேனேஜரில் ‘டிஸ்க்’ என்கிற இடத்தில் நூறு சதவீதம் என்று காட்டிக்கொண்டிருந்தால் பவர் பட்டனை அமுக்கிப் பிடித்து அணைக்காதீர்கள். பத்து நிமிஷம் பொறுங்கள், ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். அவசரப்பட்டு அணைத்து அணைத்தே நல்ல டிஸ்க்கைக் கெடுத்துக்கொண்டு வருகிறவர்கள் எனக்கு வாரம் ஒருத்தராவது உண்டு.

அம்புக்குறிகூடத் தெரியவில்லை என்றால் கதை வேறு. விண்டோஸ் பட்டன், கன்ட்ரோல், ஷிஃப்ட், ‘ஏ, பி, சி’-யில் வருகிற பி எழுத்து, நான்கையும் சேர்த்து அமுக்குங்கள். திரையை இயக்குகிற புரோகிராமை, டிரைவர் என்பார்கள், தட்டி எழுப்புகிற வழி அது. உயிர் இருந்தால் ஒரு ‘பீப்’ சத்தத்தோடு திரை சிமிட்டும்.

அடுத்த படி சேஃப் மோடு, அதாவது விண்டோஸ் தனக்குக் கட்டாயம் வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு எழுகிற முறை. பாஸ்வேர்டு கேட்கிற திரையில் ஷிஃப்ட் பட்டனை விடாமல் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுங்கள். நீலத்திரையில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று போய், பட்டியல் வந்ததும் 4 என்ற எண்ணை அமுக்க வேண்டும். அங்கே டாஸ்க்பார் ஒழுங்காக வந்தால், விண்டோஸ் நன்றாகத்தான் இருக்கிறது, பிறகு ஏற்றிய சரக்கில்தான் கோளாறு என்று தெரிந்துகொள்ளலாம். கடைசியாக என்ன போட்டீர்களோ அதை நீக்குங்கள். சில லேப்டாப்பில் வழியில், டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற பிட்லாக்கரின் சாவி என்று 48 இலக்க எண் கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் அங்கே இருக்கும்.

இனி சொல்லப்போவது என் தப்பு. கடை போட்ட புதிதில் ஒருத்தர் இதே இருட்டுத் திரையோடு வந்தார். “ஃபார்மட் பண்ணிரட்டுமாண்ணே?” என்று கேட்டேன். “பண்ணிருங்க தம்பி” என்றார். அவருக்கு ஃபார்மட் என்றால் சர்வீஸ், துடைத்து எண்ணெய் போடுகிற மாதிரி. எனக்கு அது வழித்துத் துடைப்பது. பாண்டி கோயிலில் அவர் பேத்திக்குக் காது குத்திய படங்கள் எல்லாம் அதோடு போயின. அவர் சண்டைகூடப் போடவில்லை. காசைக் கொடுத்துவிட்டுப் போனார். நான் வாங்கியிருக்கக் கூடாது, வாங்கினேன்.

அதனால் கடைக்காரர் ஃபார்மட் என்றால் உடனே தலையாட்டாதீர்கள். “உள்ள இருக்கிறது போயிருமா?” என்று கேளுங்கள். டெஸ்க்டாப் வராத லேப்டாப்பிலிருந்தும் ஃபைல்களை எடுக்கலாம். அதே ‘ரன் நியூ டாஸ்க்’ பெட்டியில் ‘பிரவுஸ்’ என்று ஒரு பட்டன் இருக்கும். அதைத் தட்டினால் ஃபோல்டர்கள் திறக்கும். முதலில் படங்கள் தெரியாது, பயப்பட வேண்டாம். கீழ் ஓரத்தில் ‘புரோகிராம்ஸ்’ என்று இருப்பதை ‘ஆல் ஃபைல்ஸ்’ என்று மாற்றினால் எல்லாம் வந்து நிற்கும். வேண்டியதன்மேல் வலது கிளிக் செய்து காப்பி, பென் டிரைவுக்குள் போய் பேஸ்ட். பெட்டி சின்னதுதான், வேலை முழுசாக நடக்கும். எடுக்க வேண்டியதை எடுத்த பிறகு ஃபார்மட் செய்தாலும் சரி.

இவ்வளவு செய்தும் வரவில்லை என்றாலோ, உள்ளே ‘டிக் டிக்’ என்று டிஸ்க் தட்டுகிற சத்தம் கேட்டாலோ மேற்கொண்டு நோண்டாமல் அணைத்துவிட்டுக் கடைக்குக் கொண்டுவாருங்கள். வரும்போது சார்ஜரையும் எடுத்துவாருங்கள், பாஸ்வேர்டையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். அது இல்லாமல் என் அலமாரியில் மூன்று லேப்டாப் சித்திரைத் திருவிழாவிலிருந்து தூங்குகின்றன.

வணக்கம்.