உலைக்குப் பக்கத்தில் ஒரு பனிச்சரிவு

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். பனிச்சறுக்கு பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னதும் முன்வரிசையில் இரண்டு பேர் சிரித்தது தெரிந்தது. நியாயமான சிரிப்புதான். நான் பனியில் கால் வைத்ததே இல்லை. குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டைச் சுரண்டிய அனுபவம்தான் எனக்கும் பனிக்கும் உள்ள மொத்த உறவு. ஆனால் ஆயுள் முழுக்கக் கட்டுமான வேலையில் இருந்தவன். அந்தக் கண்ணோடு பார்த்தபோது ஒரு மைதானம் என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டது. அதைப் பற்றித்தான் பேச்சு.

2022 பிப்ரவரி. பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக் நடக்கிறது. டிவியில் ஒரு பெண் வானத்தில் சுழன்றுகொண்டிருக்கிறாள். அவளுக்குப் பின்னால் பனிமலை இல்லை, பைன் மரம் இல்லை. பிரம்மாண்டமான நான்கு கான்கிரீட் கோபுரங்கள் நிற்கின்றன. இடுப்பு சிறுத்து, வாய் விரிந்த குடுவை மாதிரி. அனல் மின் நிலையங்களில் பார்த்திருப்பீர்களே, கூலிங் டவர், அதேதான். அமெரிக்காவில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பலர் சமூக ஊடகங்களில் பதறிவிட்டார்கள்: "அணு உலைக்குப் பக்கத்திலா போட்டி நடத்துகிறார்கள்?" என்று. அந்த நாட்டில் 1979இல் த்ரீ மைல் தீவு அணுமின் நிலைய விபத்து நடந்தபோது செய்திகளில் திரும்பத் திரும்ப வந்த படம் இந்த வடிவம்தான். அதனால் அவர்களுக்குக் கூலிங் டவர் என்றாலே அணு உலை.

அது அணு உலை இல்லை. அது ஷோகாங் எஃகு ஆலை. "தலைநகர எஃகு" என்று பொருள். பெய்ஜிங்கின் மேற்கே ஷிஜிங்ஷான் மாவட்டத்தில் 1919இல் தொடங்கப்பட்டது. ஒரு நூற்றாண்டின் பெரும்பகுதி அந்த நகரத்துக்கு இரும்பும் வேலையும் புகையும் கொடுத்த இடம். கூலிங் டவரின் வேலையும் எளிமையானது. ஆலையில் சூடான தண்ணீரை உள்ளே மழை போலக் கொட்டுவார்கள். கீழிருந்து காற்று தானாக மேலே இழுக்கப்படும். அதில் ஒரு பங்கு நீர் ஆவியாகி மிச்சத்தைக் குளிரவைத்துவிடும். உச்சியில் வெள்ளையாகக் கிளம்புவது புகை இல்லை, நீராவி. பாவம், ஆலையிலேயே புகை விடாத கட்டடம் அது ஒன்றுதான். பழி மட்டும் அதன் தலையில்.

பெய்ஜிங்குக்கு 2008 கோடை ஒலிம்பிக் கிடைத்ததும் காற்று மாசு பெரிய தலைவலியானது. நகரத்துக்கு உள்ளேயே ஊதுலைகளை, அதாவது தாதுவை உருக்கி இரும்பெடுக்கும் உலைகளை, வைத்துக்கொண்டு உலகத்தை விருந்துக்கு அழைக்க முடியாது. அதனால் ஷோகாங்கின் உற்பத்தியைக் கடற்கரைக்கு, ஹெபெய் மாகாணத்தின் சாவ்ஃபெய்டியனுக்கு, கொண்டுபோக முடிவெடுத்தார்கள். 2010 முடிவதற்குள் பழைய ஆலையில் உலை அணைந்தது. இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். இதைப் பசுமை வெற்றி என்று எழுதுகிறவர்கள் பாதிக் கதையைத்தான் எழுதுகிறார்கள். ஆலை செத்துப்போகவில்லை, இடம்தான் மாறியது. பல்லாயிரம் தொழிலாளர்களில் சிலர் ஆலையோடு போனார்கள், சிலர் வேறு வேலைக்கு மாறினார்கள், சிலர் வீட்டில் உட்கார்ந்தார்கள். பழைய உலைத் தொழிலாளிகள் சிலர் பிற்பாடு அதே வளாகத்தின் பனி அரங்குகளில் பனித்தளம் பராமரிக்கும் வேலை கற்றுக்கொண்டார்கள் என்பது உண்மை. ஆயிரத்தைந்நூறு டிகிரி இரும்புக் குழம்பு பார்த்த கண்கள் பனிக்கட்டியின் மேற்பரப்பை உற்றுப் பார்ப்பது அழகான காட்சிதான். அந்த அழகை வைத்து மற்றவர்களின் கணக்கை முடித்துவிடக் கூடாது.

சரி, ஆலை காலி. இனி என்ன? வழக்கமான பதில் நமக்கே தெரியும். இடி, தரைமட்டமாக்கு, மனை போடு. ஷோகாங்கில் எல்லாவற்றையும் இடிக்கவில்லை. 2016இல் குளிர்கால ஒலிம்பிக் அமைப்புக் குழுவின் அலுவலகமே அங்கே குடிவந்தது. எங்கே தெரியுமா? மூலப்பொருள் சேமித்த பழைய உருளைக் கிடங்குகளுக்குள். சிலோ என்பார்களே, அது. சுவரைத் துளைத்து ஜன்னல் வைத்து, உள்ளே தளம் தளமாகப் போட்டு அலுவலகமாக்கினார்கள். மூன்றாம் எண் ஊதுலை அருங்காட்சியகமானது. அப்புறம், ஆலைக்குத் தண்ணீர் குளிர்வித்த ஏரிக்கரையில், கூலிங் டவர்களின் காலடியில், இந்தச் சறுக்குத்தளம் எழுந்தது. பெயர் பிக் ஏர் ஷோகாங்.

பிக் ஏர் என்றால் என்ன என்று கேட்பீர்கள். ஃப்ரீஸ்டைல் பனிச்சறுக்கில் யார் முதலில் எல்லைக்கோட்டைத் தொடுகிறார்கள் என்பது பெரும்பாலும் கணக்கில்லை. என்ன வித்தை காட்டினாய் என்பதுதான் கணக்கு. 1988 கால்கரி குளிர்கால ஒலிம்பிக்கில் பதக்கமில்லாத காட்சிப் போட்டியாக எட்டிப் பார்த்தது. 1992இல் மேடுபள்ளச் சறுக்குக்கு முதல் பதக்கம் கொடுத்தார்கள். பிறகு ஒவ்வொரு வகையாகச் சேர்ந்து, 2022இல் ஃப்ரீஸ்டைல் பிக் ஏர் வந்தது. உயரத்திலிருந்து சறுக்கி வந்து, ஒரே ஒரு தாவல், காற்றிலே சுழற்சி, இறக்கம். சில விநாடிகளில் முடிந்துவிடும். கச்சேரியில் முழு ராகத்தையும் விட்டுவிட்டு ஒரே ஒரு பிருகாவுக்கு மட்டும் மார்க் போடுவது மாதிரி.

இதற்கு மலை தேவையில்லை, சரிவுதான் தேவை. அதனால் உலகமெங்கும் நகரங்களுக்குள் சாரம் கட்டி, பனி கொட்டி, இரண்டு நாள் விளையாடிவிட்டுப் பிரித்துவிடுவார்கள். 2016இல் பாஸ்டன் நகரத்தின் ஃபென்வே பார்க் பேஸ்பால் மைதானத்துக்குள்ளேயே அப்படி ஒன்று கட்டினார்கள். கல்யாணப் பந்தல் கணக்கு. ஷோகாங்கில் செய்தது வேறு. பந்தல் வேண்டாம், வீடே கட்டுவோம் என்று நிரந்தரமாகக் கட்டினார்கள். சுமார் 60 மீட்டர் உயரம், 164 மீட்டர் நீளம். கூலிங் டவர்கள் சுமார் 70 மீட்டர். புதியது பழையதைத் தாண்டவில்லை என்பதைக் கவனியுங்கள். என் தொழிலில் இந்த அடக்கம் அரிது.

வடிவமைப்பை வழிநடத்தியவர் பெய்ஜிங்கின் சிங்குவா பல்கலைக்கழகத்துக் கட்டடக் கலைஞர் ஜாங் லி. தளத்தின் வளைகோட்டுக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட உருவம் வடமேற்குச் சீனாவின் துன்ஹுவாங் பௌத்தக் குகை ஓவியங்களில் பறக்கும் தேவமாதரின் மேலாடை. பௌத்தத்தோடு இந்தியாவிலிருந்து பட்டுப்பாதை வழியே போன அப்சரஸ்களும் கந்தர்வர்களும்தான் அங்கே சிறகில்லாமல் பறக்கும் பெண்களானார்கள். சிறகுக்குப் பதில் காற்றில் நெளியும் நீளமான துகில். எஃகுச் சரிவு ஒன்று அந்தத் துகிலாக நெளிகிறது. அதன்மேல் நிஜமாகவே ஆட்கள் பறக்கிறார்கள். பக்கவாட்டில் பார்த்தால் குதிகால் உயர்ந்த செருப்பு போலவும் இருக்கும். அதை நான் சொன்னதாக வெளியே சொல்லாதீர்கள்.

இப்போது என் பேட்டைக்கு வருகிறேன். அவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறவருக்கு ஏன் கால் முறிவதில்லை? வீட்டு மொட்டை மாடியிலிருந்து குதித்தால் என்ன ஆகும் என்று தெரியும். ஒரு கணக்குப் போடுவோம். ஒருவர் விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 72 கிலோமீட்டரில், 45 பாகை சாய்வில் கீழ்நோக்கி வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே சமதரை இருந்தால் அவர் தரையை அறையும் வேகம் விநாடிக்கு 14 மீட்டர். மூன்று மாடி உயரத்திலிருந்து நேராக விழுவதற்குச் சமம். ஆனால் கீழே இருப்பதும் 37 பாகைச் சரிவு என்றால்? அவர் வரும் கோட்டுக்கும் தரைக்கும் எட்டு பாகைதான் வித்தியாசம். மோதும் வேகம் விநாடிக்கு 3 மீட்டருக்கும் கீழே வந்துவிடுகிறது. நாற்காலியிலிருந்து குதிப்பது மாதிரிதான். மீதி வேகமெல்லாம் சரிவோடு ஓடிவிடும்.

பூமி அவர் வரும் திசையிலேயே விலகி ஓடிக்கொண்டிருக்கிறது என்றுகூடச் சொல்லலாம். ஆகவே இந்த மைதானத்தின் உயிர் உயரத்தில் இல்லை, இறங்கும் சரிவின் வளைவில் இருக்கிறது. வேகம் குறைந்து சரிவு தொடங்குமுன்பே விழுந்தாலும் ஆபத்து, வேகம் கூடிச் சரிவைத் தாண்டிச் சமதரையில் விழுந்தாலும் ஆபத்து. டிவியில் நாம் சுழற்சியைப் பார்க்கிறோம். கட்டியவர்கள் தூக்கமில்லாமல் பார்த்திருப்பது இந்த எட்டு பாகையைத்தான்.

பனி எங்கிருந்து வந்தது? இயந்திரத்திலிருந்து. பெய்ஜிங்கில் குளிர்காலம் கடுங்குளிர், ஆனால் வறண்டது. மழையெல்லாம் கோடையில் பெய்து முடிந்துவிடும். தண்ணீரை மிக நுண்ணிய துளிகளாகக் குளிர்காற்றில் பீய்ச்சினால் தரையைத் தொடுமுன் உறைந்துவிடும். அந்த ஒலிம்பிக்கே கிட்டத்தட்ட முழுக்க அப்படிச் செய்த பனியில்தான் நடந்தது. தண்ணீர்த் தட்டுப்பாடு உள்ள பகுதியில் இது தேவையா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. என் மனமும் அந்தக் கேள்வியின் பக்கம்தான்.

பிப்ரவரி 8. பெண்கள் இறுதிப் போட்டி. மூன்று தாவல்கள், அதில் சிறந்த இரண்டு கணக்கில் சேரும், இரண்டும் வேறு வேறு வித்தையாக இருக்க வேண்டும். பிரான்ஸின் டெஸ் லெது முதல் தாவலிலேயே 1620 செய்து 94.50 வாங்கிவிட்டார். 1620 என்பது பாகைக் கணக்கு. 360ஐ நான்கரை முறை. அரைச் சுற்று மிச்சம் என்பதால் முன்னோக்கிப் புறப்பட்டவர் பின்னோக்கி வந்து இறங்குவார். ரிவர்ஸ் கியரில் தரை தொடுவது. சான்ஃபிரான்சிஸ்கோவில் பிறந்து சீனாவுக்காக ஆடிய 18 வயது ஐலின் கூ மூன்றாவது இடத்தில் இருந்தார். கடைசித் தாவலுக்கு முன் அம்மாவோடு போனில் பேசினார். அம்மா சொன்னது, ஏற்கெனவே கைவந்த 1440ஐச் செய், வெள்ளி உறுதி. எந்த அம்மாவும் அதைத்தான் சொல்வாள். மகள் கேட்கவில்லை. அதுவரை போட்டியில் செய்தே இராத 1620க்குப் போனார். நான்கு கோபுரங்களுக்கு முன்னால் சுழன்று, பின்னோக்கி வந்து இறங்கினார். 94.50. மொத்தம் 188.25, லெது 187.50. முக்கால் புள்ளி. லெது அழுதார். ஐலின் அவர் பக்கத்தில் போய்த் தேற்றினார். அந்தக் காட்சி எனக்குத் தங்கத்தைவிடப் பெரிது.

ஒரு வாரம் கழித்து அதே தளத்தில் ஸ்னோபோர்டு, அதாவது இரண்டு காலையும் ஒரே பலகையில் வைத்துச் சறுக்குகிறவர்களின் பிக் ஏர். சீனாவின் சூ யிமிங் தங்கம் வென்றார். அவருக்கு 18 வயது நிறைய இன்னும் மூன்று நாள் இருந்தது. பயிற்சியாளர் ஜப்பானியர்.

ஆனால் அன்று பார்வையாளர் வரிசை எப்படி இருந்தது? கொரோனா காலம். பொதுமக்களுக்கு டிக்கெட் விற்கவே இல்லை. அழைக்கப்பட்டவர்கள் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு நகரத்தின் நடுவே, மெட்ரோ பிடித்து வந்து பார்க்கும்படி கட்டிய இடம். அந்த நகரத்துக்காரன் அதை டிவியில் பார்த்தான், நம்மை மாதிரியே.

போட்டி முடிந்த பின்புதான் மைதானத்துக்குச் சோதனை. 2006 துரின் ஒலிம்பிக்குக்காகச் இத்தாலியின் செசானாவில் கட்டிய பாப்ஸ்லே (பனிச்சறுக்கு வண்டி) தடம் சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டுப் பாழானது. ஷோகாங் இதுவரை அந்த வழியில் போகவில்லை. 2023 டிசம்பரில் உலகக் கோப்பை பிக் ஏர் அங்கே திரும்ப வந்தது, அடுத்த ஆண்டும் நடந்தது. இந்த முறை டிக்கெட் வாங்கி மக்கள் வந்தார்கள். மற்ற நாட்களில் வளாகம் பூங்கா. சரிவின் பக்கவாட்டில் சாய்ந்தபடியே ஏறும் லிஃப்ட் ஒன்று உண்டு. கோடையில் பனி இருக்காது. வெறும் தளமும் எஃகு எலும்புகளும் தெரியும். எனக்கு அங்கே போக ஒரு வாய்ப்புக் கிடைத்தால் கோடையில்தான் போவேன். பனி மூடாமல் இருந்தால்தான் வெல்டிங் எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று பார்க்க முடியும்.

டீ வந்துவிட்டது போலிருக்கிறது. அந்த எட்டு பாகைக் கணக்கில் சந்தேகம் இருப்பவர்கள் கரும்பலகைப் பக்கம் வாருங்கள், போட்டுக் காட்டுகிறேன்.