சிலிகான் பொம்மைக்கு வீட்டு வைத்தியம்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

பொம்மையைச் சரிசெய்வது நமக்கொன்றும் புதிதல்ல. நவராத்திரிக்கு முன்னால் பரணிலிருந்து பெட்டியை இறக்கினால் செட்டியாருக்கு மூக்குப் போயிருக்கும், மச்சாவதாரத்துக்கு வால் போயிருக்கும். காகிதக் கூழை அப்பி, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேலே ஒரு கை பெயின்ட் அடித்துப் படியில் ஏற்றிவிடுவோம். இந்தக் கைப்பழக்கத்தோடு, அச்சு அசல் பச்சைக் குழந்தை போலவே இருக்கும் சிலிகான் குழந்தை பொம்மையைத் தொட்டால் இருக்கிற பொம்மையும் பாழாகும். அதில் பசை ஒட்டாது, பெயின்ட் நிற்காது, உப்புத்தாள் போட்டால் தோல் பிய்ந்துகொண்டு வரும். ஏன் அப்படி, வேறென்ன செய்யலாம் என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

இந்தப் பொம்மையெல்லாம் வடசென்னையில் யார் வீட்டில் இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். இருக்கிறது. துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வருகிறவர்கள் வாங்கி வருகிறார்கள். குறும்படம் எடுக்கிற பிள்ளைகள், பச்சைக் குழந்தையை விளக்கு வெளிச்சத்தில் வாட்ட மனமில்லாமல் வாடகைக்குக் கேட்கிறார்கள். மறதி நோய் வந்த பெரியவர்களுக்கு மடியில் வைத்துக்கொள்ளக் கொடுக்கிறவர்களும் உண்டு. வெளிநாட்டு முதியோர் காப்பகங்களில் இது வழக்கத்தில் இருக்கிற ஒரு பராமரிப்பு முறை. பெரியவர்களுக்குப் பொம்மை என்னத்துக்கு என்று சிரிப்பவர்களை எனக்குப் பிடிக்காது, அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கையிலிருப்பது உண்மையிலேயே சிலிகான்தானா என்று முதலில் பாருங்கள். சிலிகான் என்று சொல்லி விற்பதில் பாதிக்கு மேல் வினைல் என்ற பிளாஸ்டிக்தான் என்பது என் அனுபவம். காதை மடித்து விடுங்கள். சிலிகான் என்றால் நிஜக் காது மாதிரி மடங்கி, விட்டவுடன் பழையபடி நிமிரும். வினைல் விறைப்பாக இருக்கும், அழுத்தினால் தயங்கித் தயங்கித் திரும்பும், மூக்கருகில் கொண்டுபோனால் பிளாஸ்டிக் வாடை அடிக்கும். வினைலுக்கு வைத்தியம் வேறு. அதற்கென்றே சூட்டில் இறுகும் பெயின்ட் இருக்கிறது, ஓவன் அடுப்பில் ஏறத்தாழ 130 டிகிரியில் வைத்து எடுப்பார்கள். இன்று நான் பேசுவது முழுச் சிலிகான் பொம்மையைப் பற்றி மட்டும்.

சிலிகானின் முதுகெலும்பு, சிலிக்கான் என்ற தனிமமும் ஆக்சிஜனும் மாறி மாறிக் கோத்த ஒரு சங்கிலி. மணலில் இருப்பதும் இதே இரண்டும்தான். அந்தச் சங்கிலியின் வெளிப்புறத்தில் மெத்தில் என்ற, கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த சின்னத் தொகுதிகள் மூடிக்கொண்டிருப்பதால் அது எதையும் தன்மேல் பற்றவிடாது. கேக் செய்யும் அச்சைச் சிலிகானில் செய்வதே அதற்காகத்தான். ஆகவே சிலிகான்மேல் நிலையாக ஒட்டக்கூடிய பொருள் அனேகமாக ஒன்றே ஒன்று, இன்னொரு சிலிகான். கிழிசல் ஒட்டுவது, நிறம் ஏற்றுவது, பொட்டு வைப்பது எல்லாமே இந்த ஒரு விஷயத்திலிருந்து கிளைப்பவைதான்.

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தங்கச்சி தன் மாமியாரின் பொம்மையைக் கொண்டுவந்தாள். வலது அக்குளில் விரல் நீளத்துக்குக் கிழிசல்.

"ஒட்டிப் பார்த்தோம்க்கா, நிக்கவே இல்ல. ஆயா ராத்திரியெல்லாம் புள்ளைக்கு அடிபட்டுச்சுன்னு ஒரே அழுகை."

உடனே ஒட்டும் பசையைப் போட்டிருக்கிறார்கள். அது சிலிகானைப் பிடிக்காமல், கிழிசலின் இரு ஓரத்திலும் கண்ணாடிச் சில்லு போல விறைத்து நின்றது. கையை ஆட்ட ஆட்ட அந்தச் சில்லே தோலை மேலும் அறுத்திருக்கிறது. சிலிகான் நன்றாக நீளும். ஆனால் ஒரு கீறல் விழுந்துவிட்டால், அந்த முனையிலிருந்து ஓடிக்கொண்டே போகும். நகமோ மோதிரமோ பட்ட சின்னக் கீறலை விட்டுவைக்கக் கூடாது என்பது அதனால்தான். இறுக்கமான சட்டைக் கைக்குள் பொம்மையின் கையைத் திணிப்பதும், ஒரு கையைப் பிடித்துத் தூக்குவதும்தான் அக்குள் கிழிசலுக்குப் பெரும்பாலும் காரணம்.

முதல் வேலை அந்தப் பழைய பசையை எடுப்பது. கத்தி வேண்டாம். விரல் நுனியால் தோலை லேசாக விரித்தால் சில்லு தானே கழன்று வரும், மிச்சத்தைக் கிடுக்கியால் எடுக்கலாம். அடுத்து ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை பஞ்சு சுற்றிய குச்சியில் தொட்டு உள்சுவரை இரண்டு தடவை துடைக்க வேண்டும். மருந்துக்கடை ஸ்பிரிட் சிலவற்றில் எண்ணெய் கலந்திருக்கும், அது ஒட்டைக் கெடுத்துவிடும், லேபிளைப் படித்து வாங்குங்கள். துடைத்த இடம் முழுதாக உலரட்டும். அதன்பின் சிலிகான் பசையைப் பல் குச்சியால் எடுத்துக் கிழிசலின் அடியாழத்திலிருந்து மேல்நோக்கி மெல்லிசாகப் பூசுங்கள். மேலே மட்டும் பூசினால் உள்ளே ஒரு வாய் திறந்தே இருக்கும், ஒரு மாதத்தில் திரும்பப் பிளக்கும். பூசி முடித்ததும் கையைப் பக்கவாட்டில் ஒட்டினாற்போல வைத்து, பழைய வேட்டித் துணியைக் கிழித்துத் தளர்வாகக் கட்டுங்கள். குண்டூசி குத்தாதீர்கள், ஒவ்வொரு துளையும் ஒரு புதுக் கிழிசலுக்கு ஆரம்பம். பிதுங்கியதை சோப்புத் தண்ணீர் தொட்ட விரலால் ஓரம் தெரியாமல் தடவிவிட்டு, 24 மணி நேரம் தொடாமல் விட வேண்டும். ஆயாவிடம் புள்ளைக்குக் கட்டுப் போட்டிருக்கிறது, நாளைக்குத் தூக்கலாம் என்று சொல்லச் சொன்னேன். அவர் அதை உடனே ஒத்துக்கொண்டாராம்.

எந்தப் பசை என்பதில்தான் குழப்பம். ஹார்டுவேர் கடையில் சிலிகான் என்று கேட்டால் பாத்ரூம் சந்து அடைக்கிற டியூபைக் கொடுப்பார்கள். நூறு சதவீதம் சிலிகான் என்று போட்டிருந்தால் அது ஒட்டவே செய்யும். பெயின்ட் அடிக்கலாம் என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் அக்ரிலிக், வாங்காதீர்கள். டியூபைத் திறந்ததும் காடி வாடை அடித்தால் அது அசிட்டிக் அமிலத்தை விட்டு இறுகும் ரகம். பொம்மைக்குள் கம்பி எலும்பு இருந்து, கிழிசல் அதுவரை போயிருந்தால் இந்த ரகம் கூடாது. அமிலம் கம்பியை அரித்துத் துருவேற்றும். வாடையில்லாத, நியூட்ரல் என்று எழுதியிருக்கும் ரகத்தைப் போடுங்கள். இந்த டியூப் வகை காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துக்கொண்டு இறுகுவது. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழம்தான் இறுகும், அதனால் கட்டி கட்டியாக அப்பிப் பயனில்லை. ஈரத்துக்கு நம் ராயபுரம் காசிமேட்டுக் காற்றில் பஞ்சமே கிடையாது. கடைச் சீலன்ட்டில் ஒரு குறை, அது இறுகியபின் பொம்மையின் சதையைவிடக் கெட்டியாக இருக்கும். தொடை, அக்குள் போல் அடிக்கடி மடங்குகிற இடத்தில் ஒட்டுக்குப் பக்கத்திலேயே மறுபடி கிழியலாம். அங்கே பொம்மைக்கென்றே வரும் மென்மையான சிலிகான் பசைதான் நல்லது.

விரல் துண்டாகிப் போனால் பசை மட்டும் தாங்காது. பழைய நைலான் சாக்ஸிலிருந்து நகத்தளவு வலைத் துணியை வெட்டி, இரண்டு துண்டுக்கும் நடுவில் பசைக்குள் புதைத்துவிடுங்கள். காசிமேட்டுப் பெண் ஒருத்தி மீன் வலையைப் போடலாமா என்று கேட்டாள். கண் பெரிது, நரம்பும் முரடு, வேண்டாம்.

சதையே போய்க் குழி விழுந்திருந்தால் இரண்டு பாகச் சிலிகான் வேண்டும். ஏ, பி என்று இரண்டு டப்பா வரும். பெரும்பாலானவற்றில் சரிபாதி கலக்க வேண்டும், தராசில் நிறுத்துத்தான் கலக்க வேண்டும். கண்ணளவு கலந்தால் என்றைக்கும் பிசுபிசுப்பாகவே இருக்கும். டப்பாவில் போட்டிருக்கும் வேலை நேரம், அதாவது கலந்தபின் இறுகத் தொடங்கும்வரை கிடைக்கும் நேரம், 23 டிகிரி வெப்பத்துக்கான கணக்கு. சித்திரை வெயிலில் வியாசர்பாடி மாடி அறையில் அந்த நேரம் பாதியாகிவிடும். கலப்பதற்கு முன் இரண்டு டப்பாவையும் இறுக மூடிக் கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் நிதானமாக வேலை செய்யலாம்.

இந்த இரண்டு பாகச் சிலிகானில் நல்ல ரகம் பிளாட்டினத்தை வினையூக்கியாக வைத்து இறுகுவது. அதற்குக் கந்தகம் ஆகவே ஆகாது. ரப்பர் கையுறையில் கந்தகம் இருக்கும், அது தொட்ட இடம் இறுகாமல் பச்சையாகவே நின்றுவிடும். வடசென்னைக்கும் ரப்பருக்கும் பழைய உறவு. 1946இல் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை திருவொற்றியூரில் ஒரு கொட்டகை போட்டு விளையாட்டுப் பலூன் செய்யத் தொடங்கியதுதான் பின்னாளில் எம்.ஆர்.எஃப். ஆனது. ரப்பர்ப் பால் பலூனுக்கு நல்லது, சிலிகானுக்கு எதிரி. வினைல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

இனி நிறம். எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான். வருகிற பொம்மைகள் பெரும்பாலும் ரோஜா நிறம். நம் வீட்டுக் குழந்தை மாதிரி மாநிறமாக ஆக்கிக் கொடுங்கள் என்று கேட்பவர்கள் இப்போது அதிகம், எனக்கு அதில் சந்தோஷம். ஆனால் பழுப்பு நிறத்தை மொத்தமாக அடித்தால் பொம்மை களிமண்ணாகத் தெரியும். குழந்தை பிறந்ததும் பாட்டிமார் காது நுனியைப் பார்ப்பார்கள், பிற்பாடு வரப்போகிற நிறம் அதுதான் என்பார்கள். பொம்மைக்கும் காது நுனியை ஒரு சாயல் கறுப்பாக்குங்கள். விரல் கணுக்கள், முட்டி, கழுத்து மடிப்பு கொஞ்சம் கூடுதல் கறுப்பு. உள்ளங்கையும் உள்ளங்காலும் வெளிறியே இருக்க வேண்டும். நம் குழந்தைகள் பலருக்கு இடுப்புக்குக் கீழே நீலச்சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு பிறவியிலேயே இருக்கும், வளர வளர மறையும். அதை லேசாக வைத்துவிட்டால், பிள்ளை பெற்ற பெண்கள் பொம்மையைத் திருப்பிப் பார்த்ததும் சிரித்துவிடுகிறார்கள்.

கொலு பொம்மைப் பெயின்ட் இதில் உரிந்துவிடும் என்று சொன்னேன். இங்கே பெயின்ட் என்பதே சிலிகான்தான். இரண்டு பாகச் சிலிகானில் சிலிகானுக்குரிய நிறமியைக் கலந்து, கரைப்பான் விட்டு நீர்க்கச் செய்து, கிழித்த ஸ்பாஞ்சுத் துண்டால் ஒற்றி ஒற்றி ஏற்ற வேண்டும். இழுத்துத் தேய்த்தால் கோடு விழும். ஒரு பூச்சு இறுகிய பிறகு அடுத்தது. கரைப்பான் தீப்பற்றும், அதன் ஆவி தலையைச் சுற்றும். ஒற்றை அறை வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போது இதைத் திறக்கவே கூடாது. மொட்டை மாடிக்குப் போகலாமென்றால் அங்கே தூசி, சிலிகான் தூசியைக் காந்தம் போல இழுத்துக்கொள்ளும். ஜன்னலைத் திறந்து நனைத்த மெல்லிய துணியைத் திரையாகக் கட்டி, அடுப்பை அணைத்து, பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டுச் செய்வதுதான் வழி.

திருஷ்டிப் பொட்டு இல்லாமல் நம் ஊரில் பொம்மைக்குக்கூட மனம் ஆறாது. கண்மையைத் தொட்டு வைக்காதீர்கள். எண்ணெயும் கரியும் உள்ளே இறங்கிக் கறையாக நின்றுவிடும். கறுப்பு நிறமி கலந்த சிலிகானில் ஒரு பொட்டு வைத்தால் அழியாது, பரவாது. அரைஞாண் கயிறு கட்டுவதானால் முதலில் அதை நன்றாகத் துவைத்து, வெள்ளைத் துணியில் தேய்த்துச் சாயம் போகவில்லை என்று பார்த்துக் கட்டுங்கள். எம்.சி. ரோட்டில் வாங்கிய கருநீலச் சட்டைக்கும் இதே சோதனைதான். மஞ்சள் பட்டுவிட்டால் மட்டும் கவலை வேண்டாம், சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காட்டினால் மஞ்சள் தானே வெளுத்துவிடும். பேனா மையும் செய்தித்தாள் மையும் அப்படிப் போவதில்லை. ஆகவே தினசரித் தாளில் சுற்றிப் பரணில் போடும் வேலை இதற்கு ஆகாது. வெளுத்த வெள்ளை வேட்டியில் சுற்றி, மல்லாக்கப் படுக்க வையுங்கள். பிசுபிசுப்புப் போக வாசனையில்லாத பவுடரை மெலிதாகப் பூசலாம். சோள மாவும் பூசுவார்கள், ஆனால் ஐப்பசி மழையில் அது ஈரம் இழுத்துத் திட்டுத்திட்டாகிவிடும்.

கடைசியாக முடி. நம் கோயில்களில் இறக்கிய முடி உலகமெல்லாம் சவரியாகப் போகிறது, ஆனால் அந்த முடி குழந்தைத் தலைக்குத் தடிமன். அங்கோரா ஆட்டுக் குட்டியின் மயிர், மொஹேர் என்பார்கள், ஏறத்தாழ 25 மைக்ரான், அதுதான் பூனைமுடி மாதிரி உட்காரும். கம்பளியைக் குத்தி இறுக்கப் பயன்படும், ஓரத்தில் செதில் வெட்டிய ஊசியில் ஒவ்வொரு இழையாகச் சாய்வாகக் குத்தி இறக்க வேண்டும். எண் கூடக் கூட ஊசி மெலியும், நெற்றி ஓரத்துக்கு 42ஆம் எண் போதும். பசை போட வேண்டியதில்லை, சிலிகானே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். சுழி எங்கே என்பதை முதலிலேயே பென்சில் படாமல் மனதில் குறித்து, அதைச் சுற்றி வட்டமாக வர வேண்டும். ரெட்டைச் சுழி கேட்பவர்களும் வருகிறார்கள், எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ரெட்டைச் சுழிதான் என்று. அதையும் வைக்கலாம், நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். குத்திய பிறகு மாற்றக் கேட்டால் மட்டும் முடியாது, பிடுங்கினால் தலை முழுக்கத் துளை.

முடி வைத்துக் கொடுத்ததும் நம் பெண்கள் செய்கிற முதல் காரியம் தேங்காய் எண்ணெய் தடவி வகிடெடுப்பது. எண்ணெய் முடியின் பிடியைத் தளர்த்திவிடும், தூசியை இழுக்கும். தலை கலைந்தால் தண்ணீர் தொட்ட மெல்லிய பிரஷ்ஷால் சுழியிலிருந்து வெளிப்பக்கமாக வாரிவிடுங்கள், அது போதும்.

கேட்டுக்கொண்டிருந்த உங்களுக்கு நன்றி. வணக்கம்.