வீதியில் சிவில் வாகனம்: பார்ப்பது வேறு, மறிப்பது வேறு

நேயர்களே, வணக்கம்.

எதிரே வரும் வாகனம் இரண்டு தரம் லைட் அடித்தால் முன்னால் பொலிஸ் நிற்கிறது என்று அர்த்தம். கொழும்பில் இதை யாரும் யாருக்கும் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை. உடனே கால் பிரேக்குக்குப் போகும். ஆசனப்பட்டி இழுபடும். காதிலிருந்த கைத்தொலைபேசி மடிக்கு வரும். சோதனை இடத்தைத் தாண்டி ஒரு சந்தி போனதும் பழைய வேகம் திரும்பிவிடும். பொலிஸாருக்கு முன்னால் ஒழுங்காக ஓடுகிற சாரதி, ஆபத்தாக ஓடுவதெல்லாம் பொலிஸார் இல்லாத இடத்தில்தான்.

இலங்கையில் வீதி விபத்துகளில் ஆண்டுதோறும் 2,000 பேருக்கு மேல் உயிரிழக்கிறார்கள். சோதனைச் சாவடிக்கும் சோதனைச் சாவடிக்கும் இடைப்பட்ட வெற்று வீதியை யார் பார்ப்பது என்ற கேள்விக்குப் பதிலாகத்தான் பொலிஸ் நிறமோ இலச்சினையோ மேல் விளக்கோ இல்லாத சாதாரண வாகனத்தில் போக்குவரத்துக் கண்காணிப்பு என்ற முறை பல நாடுகளில் வந்தது. அந்த யோசனை நமக்கும் முற்றிலும் புதிதல்ல. 2020 செப்டம்பரில் கொழும்பில் வாகனங்கள் தத்தம் ஒழுங்கையிலேயே (லேன்) ஓட வேண்டும் என்ற சட்டத்தை இறுக்கியபோது மேலிருந்து ட்ரோன் பார்த்தது. 2024 ஜனவரி 22 முதல் நகரின் சிசிடிவி கமராக்களில் பதிவாகும் குற்றங்களுக்கு வாகன உரிமையாளரின் வீட்டுக்கே அறிவித்தல் போகத் தொடங்கியது. 2025 தொடக்கத்தில் பஸ்களில் சிவில் உடையில் பொலிஸாரை ஏற்றி, சாரதி ஓட்டும் விதத்தை வீடியோ எடுக்கும் நடவடிக்கை வந்தது.

சிவில் வாகனத்தில் கண்காணிக்கும் இந்த முறையை நான் ஆதரிக்கிறேன். ஆனால் ஒரு நிபந்தனையோடு. மறைந்திருந்து பார்க்கலாம், மறைந்திருந்து மறிக்கக்கூடாது. இவ்விரண்டும் ஒன்றாகக் குழம்பும் இடத்தில்தான் பொதுமக்களின் நம்பிக்கை உடைகிறது.

முதலில் பார்ப்பதைப் பற்றிச் சொல்கிறேன். சிவில் வாகனம் எதற்குப் பயன்பட வேண்டும்? பாதசாரிக் கடவையில் ஆள் கால் வைத்த பிறகும் நிறுத்தாமல் போவது, முன்வாகனத்தின் பின்புறத்தை ஒட்டிக்கொண்டு ஓடுவது, இரண்டு பஸ்கள் ஒரே தரிப்பிடத்துக்காக ஒன்றையொன்று வெட்டுவது, ஓட்டிக்கொண்டே தொலைபேசியில் எழுதுவது. இவையெல்லாம் சீருடையைக் கண்டவுடன் மறைந்துபோகும் குற்றங்கள். சாதாரணக் காரில் இரண்டு பேர், ஒருவர் ஓட்ட மற்றவர் பதிவு செய்ய, பேஸ்லைன் வீதியில் களனிப் பாலத்திலிருந்து பொரளை வரை ஒரு தடவை போய்வந்தாலே போதிய சான்று கிடைக்கும். வருமான அனுமதிப்பத்திரம் காலாவதியா, காப்புறுதி இருக்கிறதா என்று பார்க்க மறைந்த வாகனம் எதற்கு? அதைச் சந்தியில் நின்று பகிரங்கமாகச் செய்யலாம். பத்திரச் சோதனைக்கு மறைவைப் பயன்படுத்தத் தொடங்கினால், இது உயிர் காக்கும் வேலையல்ல, தண்டம் பிடுங்கும் வேலை என்று மக்கள் தீர்மானித்துவிடுவார்கள். அப்படித் தீர்மானித்த பிறகு அதை மாற்றுவது மிகக் கடினம்.

வேகத்தை அளப்பதில் கூடுதல் கவனம் வேண்டும். வீதியோரத்தில் நின்று ஸ்பீட் கன் பிடிப்பது வேறு, ஓடும் வாகனத்திலிருந்து அளப்பது வேறு. ஓடும் வாகனத்தில் எளிய முறை, குறிவைத்த வாகனத்தின் பின்னால் ஒரே இடைவெளியில் தொடர்ந்து போய்த் தன் வேகமானியைப் படிப்பது. மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் 400 மீற்றர் தூரத்தைக் கடக்க 18 செக்கன் எடுக்கும். அந்த 18 செக்கனும் இடைவெளி மாறாமல் இருக்க வேண்டும். பொலிஸ் வாகனம் பின்னாலிருந்து எட்டிப்பிடிக்கும் கட்டத்திலேயே வேகமானியைப் பார்த்தால் கணக்குப் பிழைக்கும். 10 செக்கனில் இடைவெளி 60 மீற்றரிலிருந்து 30 மீற்றராகக் குறைந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பொலிஸ் வாகனம் செக்கனுக்கு 3 மீற்றர், அதாவது மணிக்குக் கிட்டத்தட்ட 11 கிலோமீற்றர், கூடுதலாக ஓடியிருக்கிறது. 50 கிலோமீற்றர் எல்லையுள்ள வீதியில் அந்த 11 ஒரு சாரதியைக் குற்றவாளியாக்கப் போதும். சாதாரண வாகனங்களின் வேகமானிகள் உண்மை வேகத்தைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டும்படியே அமைக்கப்படுகின்றன. ஆகவே இந்த வேலைக்குப் போகும் வாகனத்தின் வேகமானியை முறையாக அளவுத்திருத்தம் செய்து, திகதியிட்ட சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். டயரின் அளவை மாற்றினால் அந்தச் சான்றிதழ் செல்லாது, திரும்பவும் அளக்க வேண்டும்.

ரேடாரிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வீதியோரத்தில் சாய்வாக நின்று அளந்தால் கருவி உண்மையைவிடக் குறைவாகத்தான் காட்டும். 20 பாகைக் கோணத்தில் 70 என்ற வேகம் ஏறத்தாழ 66 ஆகத் தெரியும். அதில் சாரதிக்கு நட்டமில்லை. ஆனால் ஓடும் வாகனத்தில் பூட்டிய ரேடார், எதிரே வரும் வாகனத்தை அளக்கும்போது, இரண்டும் நெருங்கும் மொத்த வேகத்திலிருந்து தன் சொந்த வேகத்தைக் கழித்துத்தான் விடை சொல்கிறது. தன் வேகத்தை அது வீதியோரப் பொருட்களிலிருந்து சாய்வாகப் பிடித்துக் குறைவாக எடுத்துக்கொண்டால், கழிக்கும் தொகை குறையும், எதிர் வாகனத்தின் வேகம் கூடித் தெரியும். இதைத் தடுக்கும் வழி எளிது. அளக்கும் கணத்தில் ரேடார் காட்டும் சொந்த வேகத்தையும் வாகனத்தின் வேகமானியையும் ஒப்பிட்டு, இரண்டையும் பதிவில் எழுத வேண்டும். ஒப்பிடாத அளவீட்டைச் சான்றாக முன்வைக்கக்கூடாது.

இனி மறிப்பதற்கு வருகிறேன். பிரித்தானியாவின் 1988ஆம் ஆண்டு வீதிப் போக்குவரத்துச் சட்டத்தின் 163ஆம் பிரிவு, சீருடையிலுள்ள பொலிஸ் அலுவலர் கேட்டால் சாரதி நிறுத்தியே ஆக வேண்டும் என்கிறது. அங்கே அடையாளமில்லாத பொலிஸ் கார்கள் ஏராளம். வாகனம் சாதாரணமாக இருக்கலாம், மறிப்பவர் சீருடையில் இருக்க வேண்டும். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. போக்குவரத்துச் சட்டத்தை அமுல்படுத்துவதே முக்கிய வேலையாகக் கொண்ட வாகனம் தனித்த அடையாளமும் மேல் விளக்கும் கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் சிறு குற்ற வழக்கில் அந்த அதிகாரியின் சாட்சியத்தை நீதிமன்றம் ஏற்காது. கலிபோர்னியாவிலும் இதை ஒத்த விதி இருக்கிறது. அதிகாரி விதியை மீறினால் அவருக்குத் தண்டனை என்று மட்டும் எழுதினால் அது ஏட்டோடு நின்றுவிடலாம். வழக்கே நிற்காது என்று எழுதினால் விதி மீறப்படுவது குறையும். நம் சட்டத்தில் எதையாவது சேர்ப்பதென்றால் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

இங்கே கொழும்புத் தமிழரிடம் ஒரு விடயத்தைச் சொல்லாமல் கடக்க முடியாது. அடையாளமில்லாத வாகனம், சிவில் உடையில் ஆட்கள், ஏறு என்ற ஒரு சொல். யுத்தத்தின் கடைசி ஆண்டுகளில் இந்த நகரில் வெள்ளை வான் என்ற சொல்லுக்கு என்ன பொருள் இருந்தது என்பது கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வாழ்ந்த குடும்பங்களுக்குத் தெரியும். 2008இலும் 2009இலும் கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் கடத்தப்பட்ட 11 பேரின் பெற்றோர் நீதிமன்றப் படிகளில் ஆண்டுக்கணக்காக ஏறியிறங்கினார்கள். அந்தப் பயத்தை மிகைப்படுத்தல் என்று தள்ளிவிட யாருக்கும் உரிமையில்லை. கைது செய்பவர் தன் பெயரையும் பதவியையும் சொல்ல வேண்டும், காரணம் சொல்ல வேண்டும், குடும்பத்தோடு தொடர்புகொள்ள விட வேண்டும் என்ற ஜனாதிபதிப் பணிப்புரை 2006 ஜூலையிலேயே வெளியானது. இராத்திரி 11 மணிக்கு மரைன் டிரைவில் ஒரு சாதாரண வான் குறுக்கே வந்து நின்றால், உள்ளேயிருப்பவர் உண்மையான பொலிஸ்காரராகவே இருந்தாலும், ஓட்டுபவர் நடுங்குவது நியாயம். அந்த நடுக்கத்தில் அவர் காரை வெட்டி ஓட்டினால் விபத்து. அதைத் தப்பியோடும் முயற்சி என்று எடுத்துக்கொண்டால் அதைவிட மோசம்.

லண்டனில் 2021இல், பொலிஸ் சேவையிலிருந்த ஒருவர் தன் அடையாள அட்டையைக் காட்டி ஒரு பெண்ணைக் கடத்திக் கொன்றார். அதன் பின் அந்நகரப் பொலிஸார் ஒரு நடைமுறை கொண்டுவந்தார்கள். தனியாக வரும் சிவில் உடை அலுவலர், தனியாக இருக்கும் பெண்ணின் முன்னிலையில் கட்டுப்பாட்டு அறைக்கு வீடியோ அழைப்பெடுத்து, அங்கிருக்கும் சீருடை அதிகாரியைக் கொண்டு தன்னை உறுதிப்படுத்த வேண்டும். அட்டை மட்டும் போதாது என்பதை அவர்கள் விலை கொடுத்துக் கற்றார்கள். இந்த நடைமுறைக்குத் தேவையானது ஒரு தொலைபேசியும் ஒரு மேசையும் மட்டுமே. நாமும் செய்யலாம்.

கொழும்புக்குப் பொருத்தமான ஏற்பாடு எது? சிவில் கார் பார்த்துப் பதிவு செய்யட்டும். வாகன இலக்கம், இடம், நேரம், குற்றம் ஆகியவற்றை பொலிஸ் வானொலித் தொடர்பில் முன்னால் நிற்கும் சீருடைக் குழுவுக்குச் சொல்லட்டும். ஆமர் வீதிச் சந்தியிலோ பம்பலப்பிட்டியிலோ வெளிச்சமுள்ள இடத்தில் அந்தக் குழு மறிக்கட்டும். வீடியோவை அங்கேயே சாரதிக்குக் காட்டட்டும். காட்டிவிட்டால் பாதி வாக்குவாதம் அடங்கிவிடும்.

அப்படியிருந்தும் ஒரு சாதாரண வாகனம் உங்களை நிறுத்தச் சொன்னால் என்ன செய்வது? வேகத்தைக் கூட்டாதீர்கள். நான்கு மூலை சிக்னல் விளக்குகளையும் எரியவிட்டு மெதுவாகப் போங்கள். கண்டுகொண்டேன், நிறுத்தப்போகிறேன் என்பதை அது காட்டும். பின்னால் வருபவர் சீருடையில் இல்லாவிட்டால், அல்லது இடம் இருட்டாக இருந்தால், அருகிலுள்ள பெற்றோல் ஷெட் அல்லது பொலிஸ் நிலையம் வரை அதே மெதுவான வேகத்தில் போங்கள். காரில் வேறு ஒருவர் இருந்தால் 119க்கு எடுத்து, இடத்தையும் பின்தொடரும் வாகனத்தின் இலக்கத்தையும் சொல்லச் சொல்லுங்கள். நிறுத்திய பிறகு கதவைப் பூட்டி வைத்து, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, இரண்டு கைகளும் தெரியும்படி ஸ்டியரிங்கில் வையுங்கள். பெயர், பதவி, எந்தப் பொலிஸ் நிலையம் என்று மரியாதையாகக் கேளுங்கள். 'ஐயா, உங்கட அடையாள அட்டையை ஒருக்காக் காட்டுவீங்களா?' என்று கேட்பது அவமதிப்பல்ல. முச்சக்கர வண்டிக்காரருக்குப் பூட்டக் கதவில்லை, அதனால் ஆள் நடமாட்டமுள்ள இடம் அவருக்கு இன்னும் முக்கியம்.

உண்மையான பொலிஸ்தான் என்று தெரிந்த பின் பத்திரங்களைக் கொடுங்கள். இடத்திலேயே தண்டம் விதிக்கக்கூடிய குற்றமென்றால் சாரதி அனுமதிப்பத்திரத்தை வாங்கிக்கொண்டு தண்டப்பத்திரம் தருவார்கள். அதுவே 14 நாட்களுக்குத் தற்காலிக அனுமதியாகவும் செல்லும். அதற்குள் தபாலகத்தில் கட்டிப் பற்றுச்சீட்டைக் காட்டினால் அனுமதிப்பத்திரம் திரும்பக் கிடைக்கும். 14 நாள் தாண்டினால் இரட்டிப்பு, 28 நாளும் தாண்டினால் நீதிமன்றம். 2025 முதல் அரசின் இணையக் கட்டண முறையான கவ்பே (GovPay) மூலம் தொலைபேசியிலேயே கட்டும் வசதியும் படிப்படியாக வந்திருக்கிறது. மதுபோதையில் ஓட்டுவது போன்ற பாரிய குற்றங்களுக்குத் தண்டப்பத்திரம் கிடையாது, நேரே நீதவான் முன்னிலைதான். யாரும் கையில் காசு கேட்டால் அது தண்டமல்ல, இலஞ்சம். கொடுப்பவரும் குற்றவாளியே. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் இரண்டு கைகளையும் பிடிக்கும். இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் உடனடி இலக்கம் 1954.

பொலிஸாரை மக்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பது வாகனத்தின் நிறத்தால் மட்டும் தீர்மானமாவதில்லை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் மூச்சுப் பரிசோதனை நடவடிக்கைகள் 60ஐ எடுத்து, 30இல் வழக்கம்போலவும் 30இல் ஏன் மறித்தோம் என்று விளக்கி, சாரதியின் கருத்தைக் கேட்டு, நன்றி சொல்லியும் நடத்திப் பார்த்தார்கள். விளக்கம் பெற்ற சாரதிகளிடம் பொலிஸார் மீதான மதிப்பு உயர்ந்தது. அதையே ஸ்கொட்லாந்தில் செய்தபோது பலிக்கவில்லை. திருப்தி சற்றுக் குறைந்தும் போனது. எனக்கு இந்த இரண்டாவது முடிவு முக்கியமாகப் படுகிறது. எழுதிக்கொடுத்ததை ஒப்புவிக்கச் சொன்னால் மரியாதை வந்துவிடாது. மேலதிகாரி தன்னை நியாயமாக நடத்துகிறார் என்று நம்பும் கான்ஸ்டபிளிடமிருந்துதான் அது இயல்பாக வரும். மருதானைச் சந்தியில் வெயிலிலும் புகையிலும் மணிக்கணக்காக நிற்பவருக்குக் குடிக்கத் தண்ணீரும் மாறிநிற்க ஆளும் இல்லையென்றால், அவரிடம் இன்முகம் கேட்பது நியாயமில்லை.

மொழியும் இதில் சேர்த்தி. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரைப்படி, சிங்களம் நிருவாக மொழியாக உள்ள பகுதியிலும் அரச அலுவலரோடு தமிழில் தொடர்புகொள்ளும் உரிமை நமக்கு உண்டு. விளங்காத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். தமிழில் எழுதச் சொல்லுங்கள், அல்லது வாசித்து விளக்கச் சொல்லுங்கள்.

நடத்தை பிழையென்று தோன்றினால் வீதியில் சண்டை பிடிக்காமல் முறைப்பாடு எழுதுங்கள். முதலில் பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரி, அதற்கு மேல் பொலிஸ் அத்தியட்சகர், அதிலும் பதிலில்லையென்றால் தேசிய பொலிஸ் ஆணைக்குழு. நேரம், இடம், வாகன இலக்கம், சீருடையிலுள்ள இலக்கம், சொன்ன சொற்கள் ஆகியவற்றை அன்றிரவே குறித்து வையுங்கள். வாகனத்தில் கமரா இருந்தால் பதிவைத் தனியே சேமியுங்கள், பழைய பதிவின் மேல் புதியது ஏறி அழித்துவிடும். முறைப்பாட்டைக் கொடுத்ததும் அதன் இலக்கத்தையும் திகதியையும் கேட்டு வாங்காமல் நிலையத்தை விட்டு வெளியே வராதீர்கள்.

வணக்கம்.