ஒரே சாலையில் மூன்று விஸ்கி, நடுவில் ஒரு வேற்றாள்

வணக்கம். முதலில் மேசையைக் காட்டிவிடுகிறேன், அப்புறம் பேச்சு. நான்கு கிளாஸ் தெரிகிறதா? நான்கையும் அலுமினியத் தாளில் சுற்றி வைத்திருக்கிறேன், ரயிலுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் கட்டியது போல. ஒவ்வொன்றின் அடியிலும் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறது. ஒட்டிய பிறகு கண்ணை மூடிக்கொண்டு இடம் மாற்றி மாற்றி வைத்தேன். எது எங்கே இருக்கிறது என்று இப்போது எனக்கே தெரியாது, முகர்ந்து சுவைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

வழக்கமான வரியையும் சொல்லிவிடுகிறேன்: மது உடலுக்குக் கேடு, வயது வராத தம்பி தங்கைகள் இத்தோடு கிளம்பலாம். ஒவ்வொரு கிளாஸிலும் 15 மில்லி விஸ்கிதான் இருக்கிறது. இங்கே ஸ்காட்லாந்தில் பப்பில் ஒரு பெக் கேட்டால் 25 அல்லது 35 மில்லி ஊற்றுவார்கள். அப்படிப் பார்த்தால் ஏறக்குறைய இரண்டு பெக்கை நான்காகப் பிரித்து வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

சரி, எதற்கு இந்த வேலை? போன வாரம் ஐலா தீவுக்குப் போய் வந்தேன். கென்னக்ரெய்கில் கப்பல் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே, போர்ட் எலன் வந்துவிடும். அங்கிருந்து கிழக்கே ஒரு சாலை போகிறது. சுமார் 5 கிலோமீட்டர். அந்த ஒரே சாலையில் வரிசையாக மூன்று டிஸ்டிலரிகள், அதாவது விஸ்கி காய்ச்சும் ஆலைகள்: லஃப்ரோய்க், லகவூலின், ஆர்ட்பெக். மூன்றும் கடலை ஒட்டி, வெள்ளையடித்த சுவரில் ஆளுயரக் கறுப்பு எழுத்தில் பெயரோடு நிற்கின்றன. லஃப்ரோய்கும் ஆர்ட்பெக்கும் தொடங்கியது 1815-இல், லகவூலின் 1816-இல். நடந்தேதான் போனேன். ஸ்காட்லாந்தில் குடித்துவிட்டு ஓட்டுவதற்கான வரம்பு 2014-இல் இருந்து இங்கிலாந்தை விடக் கடுமை. வண்டி எடுத்தவர்களுக்குச் சுவைக்க வேண்டியதைக் குட்டிப் பாட்டிலில் ஊற்றிக் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள், பிரசாதம் மாதிரி.

மூன்றும் புகை விஸ்கிகள். முளைகட்டிய பார்லியைக் காயவைக்கும்போது அடியில் பீட்டை எரிப்பார்கள். பீட் என்றால் சதுப்பு நிலத்தில் ஆயிரக்கணக்கான வருடங்களாகச் செடிகொடி மக்கி இறுகிய மண். வெட்டிக் காயவைத்தால் எரியும். அந்தப் புகையில் இருக்கும் பீனால்கள் என்ற வாசனைப் பொருள்கள் பார்லியில் ஒட்டிக்கொள்ளும். விஸ்கியில் நாம் முகரும் புகை அங்கே ஏறியதுதான், வேறு எதையும் கலப்பதில்லை. கலக்கச் சட்டமும் விடாது. ஸ்காட்ச்சில் தண்ணீரும் கேரமல் நிறமும் தவிர எதையும் சேர்க்கக் கூடாது. அந்தக் கேரமலால்தான் இந்த அலுமினியத் தாள். நிறத்தைப் பார்த்து "ஆகா, அடர்த்தியா இருக்கே, பழசு போல" என்று மனசு தீர்ப்பு எழுதிவிடும். நான் பல தடவை ஏமாந்திருக்கிறேன்.

இப்போது விஷயம் என்னவென்றால், இந்த மூன்று பேருமே புகையூட்டிய பார்லியைப் பல வருடங்களாகப் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வாங்கி வந்திருக்கிறார்கள். போர்ட் எலனில் இருக்கும் பெரிய மால்ட் ஆலை. மால்ட் என்றால் இந்த முளைகட்டிக் காயவைத்த பார்லிதான். லஃப்ரோய்க் மட்டும் ஒரு பகுதியைத் தன் சொந்தத் தரையில் பரப்பி முளைகட்டுகிறது. ஊரும் ஒன்று, கடலும் ஒன்று. அப்புறம் ஏன் மூன்றும் மூன்று மாதிரி இருக்கின்றன?

இந்தக் கேள்வியில் ஒருவர் காசைக் கொட்டியே தோற்றிருக்கிறார். பீட்டர் மக்கி, லகவூலின் முதலாளி. பக்கத்து லஃப்ரோய்கின் விஸ்கியை விற்கும் ஏஜென்சியும் அவர் கையில்தான் இருந்தது. 1907-இல் அது கைவிட்டுப் போனது. மனிதருக்குக் கோபம். லஃப்ரோய்குக்குத் தண்ணீர் வரும் ஓடையையே கல்லைப் போட்டு அடைத்துவிட்டார்! வாய்க்கால் தகராறு நம் ஊரில் மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். வழக்கு கோர்ட்டுக்குப் போய், கல்லை எடுக்க வேண்டி வந்தது. விடவில்லை அவர். 1908-இல் லகவூலின் வளாகத்துக்குள்ளேயே 'மால்ட் மில்' என்று இன்னொரு சின்ன டிஸ்டிலரி கட்டினார். லஃப்ரோய்கில் இருப்பது போலவே விஸ்கி காய்ச்சும் செம்புக் கொப்பரைகள் செய்தார். அங்கே வேலை பார்த்த ஆளையும் இழுத்துக்கொண்டார். லஃப்ரோய்கை அப்படியே நகல் எடுப்பதுதான் திட்டம். வரவில்லை. ஏதோ ஒரு விஸ்கி வந்தது, லஃப்ரோய்க் வரவில்லை. மால்ட் மில் 1962 வரை ஓடி மூடப்பட்டது. அந்தக் கட்டடத்துப் பக்கம் நின்றேன். அங்கிருந்து லஃப்ரோய்குக்குப் பொடிநடையாகவே போய்விடலாம்.

அது சரி, நான்காவது கிளாஸ் யாருடையது? கல் ஈலா. தீவின் வடகிழக்கு மூலையில், எதிரே ஜூரா தீவின் மலைகளைப் பார்த்துக்கொண்டு இருக்கும் டிஸ்டிலரி. இங்கே காய்ச்சுவதில் பெரும்பகுதி ஜானி வாக்கர் போன்ற கலவைகளுக்குப் போய்விடும். அதை ஏன் சேர்த்தேன் என்றால், லகவூலினும் கல் ஈலாவும் ஒரே கம்பெனிக்குச் சொந்தம், பார்லியும் ஏறக்குறைய ஒரே அளவு புகையூட்டியது. வித்தியாசம் கொப்பரையில். லகவூலினில் குட்டையான பேரிக்காய் வடிவக் கொப்பரையை ஏறக்குறைய விளிம்பு வரை நிரப்பி, மெதுவாகக் காய்ச்சுகிறார்கள். கல் ஈலாவில் கொப்பரைகள் பெரிது, மேலே நிறைய இடம் விடுகிறார்கள். ஆவி செம்போடு அதிக நேரம் உரசினால் கனமான வாசனைகள் குறையும், சரக்கு லேசாக வரும். மூலப்பொருள் ஒன்றாக இருந்தும் இது ரசம், அது சாம்பார்.

நான்கும் 5 சென்டிலிட்டர் குட்டிப் பாட்டில்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். பெரிய பாட்டில் நான்கு வாங்கி வீட்டில் பதில் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு சின்ன ஏற்பாடு. லஃப்ரோய்க் பீப்பாயில் 10 வருடம் இருந்தது, இங்கே 40 சதவீதம் ஆல்கஹால். லகவூலின் 16-உம் கல் ஈலா 12-உம் 43. ஆர்ட்பெக் 10 மட்டும் 46. இப்படியே வைத்தால் காரத்தை வைத்தே ஆர்ட்பெக்கைப் பிடித்துவிடலாம். அதனால் இதோ, குழந்தைக்கு மருந்து கொடுக்கும் சிரிஞ்ச். ஆர்ட்பெக்கில் 2.2 மில்லி தண்ணீர், 43-களில் 1.1 மில்லி. இப்போது எல்லாரும் 40. தண்ணீர் விட்டால் பாவம் என்பவர்களுக்கு ஒரு செய்தி: 2017-இல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆய்வாளர்கள் கணினியில் இதைப் பார்த்தார்கள். புகை வாசனை தரும் குவையாக்கால் என்ற மூலக்கூறு, தண்ணீர் சேர்ந்து ஆல்கஹால் குறையும்போது மேற்பரப்புக்கு வந்து நிற்கிறதாம். மூக்குக்குப் பக்கத்தில்.

தொடங்கலாம். முதல் கிளாஸ். மூக்கை முழுக்க உள்ளே விடாதீர்கள், ஆல்கஹால் ஏறிவிடும். வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு முகரவேண்டும்... எலுமிச்சைத் தோல். அணைந்த அடுப்புச் சாம்பல். வாயில் கொஞ்சம் இனிப்பு, மெல்லிசாக இருக்கிறது. இது கல் ஈலா. எழுதிக்கொள்கிறேன்.

இரண்டாவது... ஐயோ, இதற்குச் சந்தேகமே வேண்டாம். டிங்சர் வைத்த பஞ்சு. பள்ளிக்கூடத்தில் முட்டி சிராய்த்தால் போட்டுவிடுவார்களே, அது. பின்னாடியே கடற்பாசி, கொஞ்சம் வெனிலா. லஃப்ரோய்க். அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்தபோது இதை மருந்து என்று சொல்லியே விற்றார்கள் என்று ஒரு கதை உண்டு. முகர்ந்து பார்த்த அதிகாரி நம்பியிருப்பார்.

மூன்றாவது. இதில் புகை முன்னால் வந்து நிற்கவில்லை. உலர்ந்த திராட்சை, பேரீச்சை, சாம்பிராணி போட்டு அரைமணி நேரம் கழித்து அறைக்குள் நுழைவது போல. வாயில் எண்ணெய்ப் பதம். பீப்பாயில் வருடம் ஏற ஏறப் புகை அடங்கும், 16 வருடம் அதன் வேலையைச் செய்திருக்கிறது. லகவூலின். எனக்குப் பிடித்ததும் இதுதான், மறைக்கவில்லை.

நான்காவது. மிச்சம் இருப்பது ஆர்ட்பெக்தானே. முகர்ந்து பார்க்கிறேன்... ஆமாம், புகை நன்றாக இருக்கிறது, மிளகு, கொஞ்சம் தார். முதல் கிளாஸை விடக் கனம். ஆர்ட்பெக்கின் மால்ட்டில் பீனால் பத்து லட்சத்தில் 55 பங்கு. லகவூலின், கல் ஈலாவுக்கு 35 வாக்கில். அதனால் கனமாகத்தான் இருக்கும். முடிவு செய்துவிட்டேன்.

தாளைப் பிரிக்கலாம். இரண்டு, லஃப்ரோய்க். சரி. மூன்று, லகவூலின். சரி. நான்கு...

கல் ஈலா.

அப்படியானால் முதல் கிளாஸ் ஆர்ட்பெக். இதோ கேமராவுக்குப் பக்கத்தில் காட்டுகிறேன், ஒட்டியிருப்பது என் கையெழுத்துதான். ஆறேழு வருடமாக "ஆர்ட்பெக்கை எங்கே வைத்தாலும் கண்டுபிடிப்பேன்" என்று நண்பர்களிடம் அளந்து கொண்டிருந்தவன் நான்.

கொஞ்சம் யோசித்தால் புரிகிறது. 55 என்பது மால்ட்டில் அளந்த கணக்கு, கிளாஸில் அளந்தது இல்லை. ஆர்ட்பெக்கில் இரண்டாம் தடவை காய்ச்சும் கொப்பரையின் குழாயில் ஒரு சுத்திகரிப்பான் வைத்திருக்கிறார்கள். கனமான ஆவி அதில் குளிர்ந்து திரும்பக் கொப்பரைக்கே வடிந்துவிடும். அதனால்தான் அவ்வளவு புகைக்குள்ளேயும் எலுமிச்சை வருகிறது. அந்த எலுமிச்சையை நான் பிடித்தேன், பெயரைத்தான் மாற்றி எழுதிவிட்டேன். நான் இத்தனை நாள் ஆர்ட்பெக்கின் குணம் என்று நினைத்துக்கொண்டிருந்த அந்தக் குத்து, அந்தக் கூடுதல் 6 சதவீதம் ஆல்கஹால். சிரிஞ்சில் 2.2 மில்லி தண்ணீர் விட்டதும் ஆள் அடையாளம் தெரியாமல் போய்விட்டார்.

குட்டிப் பாட்டிலில் இன்னும் 35 மில்லி இருக்கிறது. தண்ணீர் விடாமல் ஒரே ஒரு சொட்டு ஊற்றிப் பார்க்கிறேன். ம்... இதோ, இதுதான் எனக்குத் தெரிந்த ஆள். இப்போது திரும்ப முதல் கிளாஸ்... எலுமிச்சைத் தோலுக்கு அடியில், ஆமாம், அந்தத் தார் இருக்கிறது. முதலிலேயே இருந்திருக்கிறது.

அடுத்த வாரம் கேம்பெல்டவுன் போகிறேன், ஸ்ப்ரிங்பேங்க் டிஸ்டிலரிக்கு. சிரிஞ்சையும் எடுத்துக்கொண்டுதான்.