போட்டோஷாப்பில் லேயரை நகர்த்துவது: தொட்டது ஒன்று, நகர்வது வேறொன்று ஏன்?

[திரையில்: போஸ்டர், பக்கத்தில் லேயர்ஸ் பேனல்]

வணக்கம். தி.நகர் ரங்கநாதன் தெருவில் ஒரு ஜவுளிக்கடைக்கு ஆடித் தள்ளுபடி போஸ்டர் செய்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அடியில் சிவப்புப் பின்னணி. அதன் மேல் பட்டுப்புடவை, 'ஆடித் தள்ளுபடி' எழுத்து, '50%' போட்ட மஞ்சள் வட்டம். நாலே லேயர், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய நாலு கண்ணாடித் தாள் மாதிரி. கடைக்காரர் போனில் சொல்கிறார்: "தம்பி, அந்த வட்டத்தைக் கொஞ்சம் இடது பக்கம் தள்ளுப்பா, புடவை பார்டர் மறையுது."

வி கீயைத் தட்டினால் மூவ் டூல் வரும். வட்டத்தின் மேல் மவுஸை வைத்து இழுக்கிறோம். வட்டம் அப்படியே இருக்கிறது, புடவை நகர்கிறது!

[திரையில்: மேலே ஆட்டோ செலக்ட் பெட்டி பெரிதாகத் தெரிகிறது]

இந்தப் பெட்டியில் டிக் இல்லையென்றால், மவுஸ் எதன் மேல் இருக்கிறது என்று போட்டோஷாப் பார்ப்பதே இல்லை. பேனலில் எந்த லேயர் தேர்வாகியிருக்கிறதோ, அதுதான் நகரும். டிக் இருந்தால், மவுஸுக்குக் கீழே இருப்பவற்றில் மேலாக உள்ள லேயரை அதுவே எடுத்துக்கொள்ளும். கேட்க வசதிதான். ஆனால் முப்பது நாற்பது லேயர் உள்ள ஃபைலில் அதைவிடத் தலைவலி கிடையாது. கை லேசாகத் தவறினால் பின்னணி நகர்ந்துவிடும். என் கட்சி, டிக்கை எடுத்துவிடுவது. தேவைப்படும்போது கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு கிளிக் செய்தால், அந்த நேரத்துக்கு மட்டும் ஆட்டோ செலக்ட் வேலை செய்யும். மேக்கில் கமாண்ட்.

ஒன்றின் மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கும் இடத்தில் ரைட் கிளிக் செய்து பாருங்கள். அந்தப் புள்ளியில் இருக்கும் லேயர்களின் பெயர்கள் வரிசையாக வரும், வேண்டியதைத் தொட்டால் போதும். லேயருக்குப் பெயர் வைக்காதவர்கள் வருத்தப்படும் இடமும் இதுதான்.

சரி, வட்டம் கைக்கு வந்துவிட்டது. ஷிஃப்டை அழுத்தி இழுத்தால் கோணல் இல்லாமல் நேராகப் போகும். அம்புக்குறி கீ ஒரு தட்டுக்கு 1 பிக்சல், ஷிஃப்டோடு சேர்த்தால் 10. 300 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 300 பிக்சல்) வேலையில் 10 பிக்சல் என்பது அச்சில் 1 மில்லிமீட்டருக்கும் குறைவு. திரையில் பெரிதாகத் தெரிவதை நம்பிவிடாதீர்கள்.

[திரையில்: பேனலில் வட்டத்தின் லேயர் கீழே இறங்குகிறது]

மறுபடி போன். "வட்டம் புடவைக்குப் பின்னாடி போகட்டும் தம்பி." இது வேறு வேலை. வட்டம் இருந்த இடத்திலேயே இருக்கும், அடுக்கில் மட்டும் இறங்கும். பேனலில் இழுத்துவிடலாம், அல்லது கண்ட்ரோலோடு இடது சதுர அடைப்புக்குறி. ஏற்ற, வலது அடைப்புக்குறி. பூட்டுப் போட்ட 'பேக்கிரவுண்ட்' லேயருக்குக் கீழே மட்டும் எதுவும் போகாது. பூட்டை ஒரு கிளிக்கில் எடுத்தால் அதுவும் சாதாரண லேயராகிவிடும்.

லேயர் என்பதே 1994ல், போட்டோஷாப் 3.0-ல்தான் வந்தது. அதற்கு முன் ஒட்டிய படத்தைச் சுற்றிய தேர்வுக் கோட்டை, அதாவது செலக்‌ஷனை விட்டுவிட்டால் அடியில் இருப்பதோடு ஒட்டிக்கொள்ளும், 'பின்னாடி போகட்டும்' என்ற பேச்சுக்கே இடமில்லை.

[திரையில்: புடவை பாதியில் கிழிந்தது போல நகர்கிறது]

இதைப் பார்த்தால் பயப்பட வேண்டாம். எங்கோ போட்ட செலக்‌ஷன் இன்னும் இருக்கிறது, அதற்குள் இருந்த பகுதி மட்டும் நகர்ந்திருக்கிறது. கண்ட்ரோல் இசட்டில் பழையபடி கொண்டுவந்து, கண்ட்ரோல் டி (D) தட்டிச் செலக்‌ஷனை விட்டுவிட்டு இழுங்கள்.

வட்டத்தின் பாதி கேன்வாஸுக்கு வெளியே போனாலும் அழியாது, திரும்ப இழுத்தால் வந்துவிடும். ஃப்ளாட்டன் செய்தாலோ (எல்லா லேயரையும் ஒன்றாக்கினாலோ), 'டிலீட் கிராப்டு பிக்சல்ஸ்' டிக்கோடு கிராப் செய்தாலோதான் போகும். அதனால் ஃப்ளாட்டன் செய்த காப்பியை அச்சகத்துக்கு அனுப்பிவிட்டு, லேயர்கள் தனித்தனியாக இருக்கும் பிஎஸ்டி ஃபைலைத் தனியே வையுங்கள். கடைக்காரர் எப்படியும் இன்னொரு தடவை கூப்பிடுவார்.